வங்குரோத்து மனுவுக்கு முன்: எந்த நீதிமன்றம், யார் பொறுப்பாளர்?

நியூயோர்க்கின் ஸ்டேட்டன் ஐலண்டில் நம் நாட்டவர் கணிசமாக வாழ்கிறார்கள். அங்கு குடிவந்து இரண்டு மாதமே ஆன ஒரு நானா, கடனட்டைக் கடனும் மூடிய கடையின் வாடகை நிலுவையும் கழுத்தை நெரிக்க, வங்குரோத்து மனுவை நிரப்பி எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். புரூக்ளின் நீதிமன்றத்தில் நாளைக்கே கொடுக்கப் போவதாகச் சொன்னார்.

"இதற்கு முன் எங்கே இருந்தீர்கள்?"

"நியூ ஜேர்சியில், ஏழு வருஷம்."

அவர் சிக்கலில் மாட்டவிருந்தது இங்கேதான். அமெரிக்காவில் வங்குரோத்து வழக்குகளை மாநில நீதிமன்றங்கள் விசாரிப்பதில்லை. அது சமஷ்டி நீதிமன்றத்தின் வேலை. நாடு 94 நீதி மாவட்டங்களாகப் பிரிந்துள்ளது. இன்று எங்கே குடியிருக்கிறீர்கள் என்பது மட்டும் போதாது. மனுவுக்கு முந்திய 180 நாட்களில் அதிக நாட்கள் எங்கே வாழ்ந்தீர்கள் என்பதே கணக்கு. நானாவுக்கு அது நியூ ஜேர்சி. இல்லையென்றால், புதிய இடத்தில் கூடுதல் நாட்கள் சேரும்வரை காத்திருக்க வேண்டும். தவறான மாவட்டத்தில் கொடுத்த மனுவை நீதிமன்றம் வேறிடத்துக்கு மாற்றலாம், தள்ளுபடியும் செய்யலாம்.

சமஷ்டி நீதிமன்றங்களின் உத்தியோகபூர்வ இணையத்தளத்தில் தபால் குறியீட்டை இட்டால் உரிய நீதிமன்றம் தெரியவரும். பழைய முகவரியா, புதியதா என்று முதலில் நாட்களை எண்ணிப் பாருங்கள். அந்த நீதிமன்றத்தின் சொந்தத் தளத்தில் உள்ளூர் விதிகளும் படிவங்களும் இருக்கும். 7ஆம் அத்தியாய மனுவுக்குக் கட்டணம் 338 டொலர், 13ஆம் அத்தியாயத்துக்கு 313 டொலர். தவணையில் கட்ட அனுமதி கேட்கலாம். மனுவுக்கு முந்திய 180 நாட்களுக்குள் கடன் ஆலோசனை வகுப்பொன்றும் முடித்திருக்க வேண்டும். அதை நடத்தும் நிறுவனம் உங்கள் மாவட்டத்துக்கு அங்கீகாரம் பெற்றதாக இருப்பது அவசியம்.

பொறுப்பாளர் விடயத்தில் பலர் குழம்புகிறார்கள். 'அமெரிக்கப் பொறுப்பாளர்' என்பவர் நீதித் திணைக்களத்தின் மேற்பார்வை அதிகாரி. அலபாமாவிலும் வட கரோலினாவிலும் மட்டும் அந்த வேலையை நீதித்துறையின் நிர்வாகிகள் பார்க்கிறார்கள். உங்கள் சொத்தையும் கணக்கையும் ஆராய்பவர் வேறொருவர். 7ஆம் அத்தியாயத்தில் ஒரு குழுவிலிருந்து அவரை நியமிப்பார்கள்; நமக்குப் பிடித்தவரைத் தேர்ந்தெடுக்க முடியாது. யார் என்பது மனுவுக்குப் பின் வரும் அறிவித்தலில்தான் தெரியும். ஆனால் மாவட்டத்தின் பொறுப்பாளர் பட்டியலை முன்கூட்டியே நீதித் திணைக்களத் தளத்தில் பார்க்கலாம். கடன்காரர் கூட்டத்துக்குக் குறைந்தது 7 நாட்களுக்கு முன் கடைசி வரி விபரத்திரட்டு அவர் கைக்குப் போய்ச் சேர வேண்டும். அந்தக் கூட்டத்துக்கு மொழிபெயர்ப்பாளர் தேவையென்றால் இலவசமாகவே தருவார்கள், வெட்கப்படாமல் கேளுங்கள்.

நம்மவர்கள் அதிகம் இடறுவது குடும்பக் கொடுக்கல் வாங்கலில். நானாவும் வங்கிக்காரனை விட்டுவிட்டு மச்சானின் கடனை முதலில் அடைத்திருந்தார். மனுவுக்கு முந்திய ஒரு வருடத்துக்குள் உறவினருக்குத் திருப்பிக் கொடுத்த கடனை அந்தப் பொறுப்பாளர் மீட்டெடுக்க முடியும். அதை மனுவில் மறைத்தால் விளைவு இன்னும் மோசம். நீதிமன்ற எழுதுவினைஞர் படிவம் தருவார், சட்ட ஆலோசனை தரமாட்டார். அதனால் நானாவை இலவச சட்ட உதவி அலுவலகமொன்றுக்கு அனுப்பினேன்.

போகும்போது ஒன்று கேட்டார்: "கடன் தள்ளுபடியான பிறகு, நானாக விரும்பிக் கொடுத்தால் குற்றமா?" இல்லை, விரும்பித் திருப்பிக் கொடுப்பதை அந்தச் சட்டம் தடுக்கவில்லை என்றேன். மனுவை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.