இதயக் காந்தப்பதிவு

இதயம் துடிக்கையில் எழும் காந்தப்புலத்தை, உடலைத் தொடாமல் மார்புக்கு மேலிருந்தே அளக்கும் மருத்துவ முறை. மேக்னெட்டோகார்டியோகிராபி என்றும் வழங்கும். இதயத் தசையில் ஓடும் மின்னோட்டமே இப்புலத்துக்குக் காரணம். புவியின் காந்தப்புலத்தோடு ஒப்பிட்டால் இது ஏறத்தாழப் பத்து இலட்சத்தில் ஒரு பங்கே.

தோற்றம்

1963இல் அமெரிக்காவின் சிராக்கியூசில் கெர்ஹார்ட் பவுல், ரிச்சர்ட் மெக்ஃபீ ஆகியோர் இதயத்தின் காந்தப்புலத்தை முதலில் பதிவுசெய்தனர். நகரத்து மின்கம்பிகளின் குறுக்கீட்டைத் தவிர்க்க வெட்டவெளிக்குச் சென்று, இருபது இலட்சம் சுற்றுகள் கொண்ட இரு கம்பிச்சுருள்களால் அளந்தனர். 1970இல் டேவிட் கோஹென் குழுவினர், காந்தத் தடுப்பு அறையில் ஸ்க்விட் எனும் மீக்கடத்தி உணரியைக் கொண்டு தெளிவான பதிவுகளை வெளியிட்டனர்.

கல்பாக்கம்

தமிழ்நாட்டில் கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் ஸ்க்விட் உணரிகளையும் இதயக் காந்தப்பதிவுக் கருவியையும் உருவாக்கியது. அளவீட்டின்போது கைக்கடிகாரம், சாவி, தொலைபேசி யாவும் காந்தத் தடுப்பு அறைக்கு வெளியே வைக்கப்படும். படுத்திருப்பவரின் மார்புக்கு மேலே திரவ ஹீலியம் நிரம்பிய கலம் நிற்கும். அதனுள் −269 பாகை செல்சியஸ் குளிரில் உணரிகள் இயங்கும். ஊசியோ கதிர்வீச்சோ ஒட்டும் மின்வாயோ இல்லை.

இதயத் தசை அழற்சி

இதயக் காந்தப்பதிவு பயன்படக்கூடிய நோய்களுள் ஒன்று இதயத் தசை அழற்சி. பெரும்பாலும் வைரசுத் தொற்றால் வரும் இந்நோய் கடுமையானால் துடிப்பு ஒழுங்கு தவறும். இதயம் செயலிழக்கவும் கூடும். இலங்கையில் மடவளை உள்ளிட்ட கண்டிப் பகுதிக்கும் இது தொலைவிலுள்ள நோயன்று. நுளம்பு பரப்பும் டெங்கும் இதயத் தசையைத் தாக்கும். 2009 டெங்குப் பரவலில் உயிரிழந்தோரின் இதயத் தசையிலும் அழற்சி இருந்ததைப் பேராதனை மருத்துவ ஆய்வாளர்கள் பதிவுசெய்துள்ளனர்.

இதயத்திலிருந்து தசைத் துணுக்கு எடுத்துப் பார்ப்பதே நோயை உறுதிசெய்யும் வழி. ஆனால், நலிந்த நோயாளருக்கு அதை அடிக்கடி செய்ய இயலாது. எம்ஆர்ஐ படமெடுப்பும் படுக்கையருகே நடப்பதன்று. அழற்சியிலோ நேற்றைக்கும் இன்றைக்கும் உள்ள வேறுபாடே சிகிச்சைக்கு வழிகாட்டும். தொடாத அளவீட்டின் பெறுமதி இங்குதான்: எத்தனை முறையும் அளக்கலாம். பெர்லின் சாரிட்டே மருத்துவமனை ஆய்வாளர்கள் 2023இல் வெளியிட்ட ஆய்வு, இதயத் தசை அழற்சியைக் கண்டறியவும் சிகிச்சையின் பலனைக் கவனிக்கவும் இம்முறை உதவலாம் எனக் காட்டியது. எனினும் இது மற்றைய பரிசோதனைகளுக்குத் துணையே, மாற்றன்று.

இன்றைய நிலை

ஹீலியத்தின் விலையும் தடுப்பு அறையின் செலவும் இம்முறை பரவுவதைத் தடுத்துவந்தன. ஒளியால் இயங்கும் புதிய உணரிகளுக்குத் திரவ ஹீலியம் வேண்டியதில்லை. பெரிய ஆய்வுகூடங்களுக்கு அப்பால், மாவட்ட வைத்தியசாலை விடுதிகளுக்கும் இக்கருவி வந்துசேர அவை வழி திறக்கின்றன.