சென்னை சங்கமம்: பூங்காவுக்கு வந்த ஊர்க்கலைகள்

சென்னை சங்கமம், 2007 பிப்ரவரியில் சென்னையில் தொடங்கப்பட்ட நாட்டார் கலை விழா. கவிஞர் கனிமொழியும் அருட்தந்தை ஜெகத் கஸ்பரும் முன்னின்று தொடங்கினர். தமிழ் மையம் என்ற அமைப்பு தமிழ்நாடு அரசின் சுற்றுலா, பண்பாட்டுத் துறையின் ஆதரவுடன் நடத்தியது. அடுத்த ஆண்டிலிருந்து பொங்கலையொட்டி ஜனவரிக்கு மாறியது. மயிலாப்பூர் நாகேஸ்வரராவ் பூங்கா, தியாகராய நகர் நடேசன் பூங்கா, பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரை எனப் பொது இடங்களில் நடந்த இந்நிகழ்ச்சிகளைக் காணக் கட்டணம் இல்லை.

இந்த இடத்தேர்வின் பொருள் விளங்கச் சென்னையின் இசை வரலாற்றைச் சிறிது பார்க்க வேண்டும். 1927-இல் சென்னையில் காங்கிரஸ் மாநாட்டையொட்டி நடந்த இசை மாநாட்டின் தொடர்ச்சியாக 1928-இல் மியூசிக் அகாதெமி உருவானது. மார்கழிக் கச்சேரி, சபா, உறுப்பினர் இருக்கை என்ற ஒழுங்கு பின்னர் நிலைபெற்றது. 1943-இல் அண்ணாமலை செட்டியார் தமிழிசைச் சங்கத்தைத் தொடங்கியபோது எழுந்த விவாதம் மேடையில் பாடப்படும் பாட்டின் மொழி பற்றியது. பறையும் உறுமியும் மேடைக்கு வரலாமா என்பது அன்று பெரிய கேள்வியாக எழவில்லை. இத்தனைக்கும் பறை சென்னைக்குப் புதிதல்ல. சாவு ஊர்வலத்தில் அது எப்போதும் ஒலித்துக்கொண்டுதான் இருந்தது. மாலை நடைக்கு வருபவர் நின்று கேட்கும் இசையாக மட்டும் அது இருக்கவில்லை.

சங்கமத்தில் பறையாட்டம், கரகாட்டம், ஒயிலாட்டம், தேவராட்டம், தெருக்கூத்து, பொய்க்கால் குதிரை முதலியவை ஒரே வாரத்தில் நகரத்துக்கு வந்தன. இவற்றை இலவசமாகக் காட்டியதே விழாவின் பெருமையாகப் பேசப்பட்டது. ஆனால் ஊரில் கூத்துக்கோ கரகத்துக்கோ எவரும் சீட்டு வாங்கியதில்லை. ஊர்க்கூட்டத்தில் தலைக்கட்டு வரி போட்டு, வெற்றிலை பாக்குடன் முன்பணம் கொடுத்துக் குழுவை அமர்த்துவார்கள். பார்ப்பவருக்கு அது அங்கேயும் இலவசம்தான். சங்கமத்தில் ஊரார் இருந்த இடத்துக்கு அரசும் விளம்பரதாரரும் வந்தனர். பின்னால் நேர்ந்தவற்றுக்கு இந்த மாற்றமே அடிப்படை.

பறையின் கதை இதைவிடச் சிக்கலானது. கிராமத்தில் பறையடிப்பது ஒரு சாதியின் மீது சுமத்தப்பட்ட கடமை. மறுத்தால் அடியும் ஊர்விலக்கும் நேர்ந்தன. 1990-களில் தலித் இயக்கங்களில் ஒரு சாரார் பறையடிப்பதை விட்டொழிக்க வேண்டும் என்றனர். மற்றொரு சாரார் அதையே விடுதலையின் கருவியாகக் கையிலெடுத்தனர். தலித் கலை விழாக்களில் பறை முழங்கியது இந்த இரண்டாம் வழியில்தான். சங்கமம் வருவதற்கு முன்பே பறையைச் சாவுக்கு வெளியே கொண்டுவந்தவர்கள் இவர்கள். விழாவைப் பாராட்டுவோர் இதைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள்.

பூங்கா மேடை கலைகளைச் சுருக்கவும் செய்தது. வடமாவட்டங்களில் திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்து பல இரவுகள் நீளும்; மண்ணால் செய்த துரியோதனன் உருவத்தருகே படுகளத்தில் முடியும். நெல்லை, குமரி மாவட்டங்களின் கணியான் கூத்து சுடலைமாடன் கோயிலில் விடிய விடிய நடப்பது. மகுடத்தின் ஓசைக்கிடையே கணியான் தன் கையைக் கீறி இரத்தம் படைக்கும் சடங்கும் அதில் உண்டு. நகர மேடைக்கு இதிலிருந்து பாட்டும் ஆட்டமும் வரலாம், சாமி வராது. அரை மணி நேரத்தில் எது கலை, எது வழிபாடு என்று பிரிக்க வேண்டிய வேலை கலைஞன் தலையில் விழுகிறது. ஆனாலும் அந்த அரை மணி நேரத்தைப் பார்த்த பிறகே பலர் இக்கலைகளின் பெயரையாவது தெரிந்துகொண்டனர். அதைச் சிறிய பலன் என்று தள்ளிவிட முடியாது.

2011 மே மாதம் தி.மு.க. ஆட்சி மாறியது. அதன்பின் சங்கமம் நடக்கவில்லை. கோயில் கொடைக்கு ஊர் வரி கொடுக்கும் வழக்கம் ஆட்சி மாறினாலும் தொடரும். அரசு கொடுத்த மேடைக்கு அந்த உறுதி இல்லை.

இடைவெளியில் வேறு முயற்சிகள் தோன்றின. எலியட்ஸ் கடற்கரையை ஒட்டிய மீனவர் குடியிருப்பான ஊரூர் ஆல்காட் குப்பத்தில் 2015-இல் ஒரு விழா தொடங்கியது. பாடகர் டி.எம். கிருஷ்ணா இதில் முக்கியப் பங்கு வகித்தார். பறையாட்டத்தையும் கர்நாடக இசையையும் ஒரே மேடையில் வைத்த இவ்விழாவும் இலவசமே. நாட்டார் கலையை மேல்தட்டு வசிப்பிடத்துக்குக் கொண்டுபோன சங்கமத்தின் திசையை இது திருப்பியது. சபா ரசிகர்கள் குப்பத்துக்கு வர வேண்டியிருந்தது.

2023 ஜனவரியில் தமிழ்நாடு அரசின் கலை பண்பாட்டுத் துறை ‘சென்னை சங்கமம் – நம்ம ஊரு திருவிழா’ என்ற பெயரில் விழாவை மீண்டும் நடத்தியது. முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தீவுத்திடலில் தொடங்கிவைத்தார். பின்னர் கோவை, மதுரை, திருச்சி உள்ளிட்ட நகரங்களுக்கும் சங்கமம் விரிந்தது. இம்முறை பொறுப்பு நேரடியாக அரசுத் துறையிடம் இருக்கிறது. இன்னொரு ஆட்சி மாற்றத்தை இந்த ஏற்பாடு தாங்குமா என்பதைப் பொறுத்தே, தை மாத வருமானத்தைக் கலைஞர்கள் நம்பியிருக்கலாமா என்பதும் தெரியவரும்.