கள்ளுக்கடை மறியல்: வேண்டுகோளா, பலவந்தமா?

கடையை மறித்து "குடிக்காதே" என்பது வேண்டுகோளா, பலவந்தமா? இக்கேள்விக்குக் கெடா மண்ணிலேயே சான்று உண்டு.

போருக்குப் பின், 1946-இல் பீடோங் ஹார்வார்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி தலைமையில் தொண்டர் படை எழுந்தது. கள்ளுக்கடை மறியல் தோட்டம் தோட்டமாகப் பரவியது. 1947 பிப்ரவரி 28-இல் பீடோங் கள்ளுக்கடை முன் திரண்டோருக்கும் போலீசாருக்கும் மோதல். தொழிலாளி ஒருவர் உயிரிழந்தார். மார்ச் 3-இல் புக்கிட் செம்பிலான் தோட்டத்தில் போலீசார் புகுந்து பலரைக் கைது செய்தனர்.

"தனிமனித உரிமை என்னாவது?" என்று கேட்கலாம். நியாயமே. குடித்தவர்களைப் படையினர் தண்டித்ததும் உண்டு, அது பலவந்தம்தான். 1931 காந்தி–இர்வின் ஒப்பந்தம் மறியலை ஏற்றபோதும், மிரட்டலும் பலவந்தமும் கூடாது என்றே வரையறுத்தது.

ஆனால், வாசலில் கைகூப்பி நிற்பதும் கையோங்கி அடிப்பதும் ஒன்றாகுமா? தோட்டத்துக்குள்ளேயே கடை வைத்து, கூலி கைக்கு வந்த அன்றே அங்கு கரையவிட்டதும் ஒருவகை நெருக்குதல் அல்லவா? அதைக் கேட்காமல் மறியலை மட்டும் குற்றஞ்சாட்டுவது நீதியாகாது.

தொண்டர் படையின் துணிவைப் போற்றுவோம். ஓங்கிய கையைப் பின்பற்ற வேண்டாம்.