ஒரு நாட் படமும் பல நாள் உண்மையும்



சூடடித்த நெல்லைக் காலையில் அளந்தபோது நூறு மரைக்கால் இருந்தது. அதே குவியலை அதே மரைக்காலால் மாலையில் அளந்தபோது எண்பதுதான் தேறியது என்று வைத்துக்கொள்வோம். களத்தில் நிற்கும் போடியார் யாது செய்வார்? நெல் களவு போயிற்று என்று உடனே எவர்மீதும் பழி சுமத்த மாட்டார். அளந்த கையையும் அளவையையும் ஐயுற்று, மீண்டும் அளக்கச் சொல்வார். திரும்ப அளந்தாலும் மாறாது நிற்பதே அளவு என்பது எங்கள் தம்பிலுவில் வயல்வெளிகளில் எழுத்தறியாதாரும் அறிந்த நியாயம். மனித மூளையைப் படம் பிடிக்கும் விஞ்ஞானிகள் இந்நியாயத்தை எவ்வாறு கற்றுக்கொண்டனர் என்னும் வரலாற்றையே இன்று உங்களுக்குக் கூற விழைகின்றேன்.

மூளை தொழிற்படும்போது அங்கு குருதியோட்டம் மாறும் என்னும் கருத்துப் பழையது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், இத்தாலியின் தூரின் நகரத்து உடற்றொழிலியலாளர் அஞ்செலோ மொஸ்ஸோ, தராசுபோற் சமநிலையில் நிற்கும் பலகையொன்றில் மனிதரைப் படுக்கவைத்து, அவர் சிந்திக்கும்போது தலைப்பக்கம் தாழ்கின்றதா என்று பார்த்தார். 1890இல் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ரோய், செரிங்டன் என்னும் இருவர், மூளையின் எப்பகுதி வேலை செய்கின்றதோ அப்பகுதிக்குக் குருதி கூடுதலாகச் செல்கின்றது என்னும் கருத்தை வெளியிட்டனர்.

நூறாண்டுகள் கழிந்தன. 1990இல், அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் பணியாற்றிய யப்பானியர் செயிஜி ஒகாவா, எலிகளின் மூளையை ஆராய்ந்து ஓர் உண்மையை எடுத்துக்காட்டினார். குருதியிலுள்ள ஈமோகுளோபின் பிராணவாயுவை இழந்ததும் தன்னைச் சூழ்ந்த காந்தப்புலத்தைச் சற்றே குலைக்கின்றது. அக்குலைவை எம்.ஆர்.ஐ. பொறியினாற் காணலாம். 1992இல் மனித மூளையிலும் இம்முறை பலித்ததைப் பல ஆய்வுக்குழுக்கள் அறிவித்தன. கத்தியின்றி, ஊசியின்றி, வேலை செய்யும் மூளையைக் காணும் வாய்ப்பு மனிதனுக்குக் கிட்டியது.

ஆயினும், சிவப்பும் மஞ்சளுமாய் ஒளிரும் அப்படங்கள் எண்ணத்தின் நிழற்படங்கள் அல்ல. குருதியோட்டத்தின் மாற்றத்தைக் கணிதத்தினால் வடித்தெடுத்த வரைபடங்களே அவை. மாற்றமோ மிகச் சிறியது. பெரும்பாலும் நூற்றுக்கு ஒன்று, இரண்டு என்ற அளவினது. தலை சிறிது அசைந்தாலும், மூச்சு மாறினாலும், உறக்கம் குறைந்தாலும் அது மறையலாம். அல்லது இல்லாதது இருப்பதுபோலத் தோன்றலாம். அப்படியிருந்தும், ஒருவரை ஒரு தடவை படம்பிடித்து, அதையே அவருடைய மூளையின் இயல்பு எனக் கொள்ளும் வழக்கம் ஏற்பட்டுவிட்டது.

இவ்வழக்கத்தைச் சோதித்துப் பார்த்த ஆய்வொன்று 2000ஆம் ஆண்டில் இலண்டனிலிருந்து வெளிவந்தது. மக்கொனிகல் என்பவரும் அவர்தம் தோழரும் ஒரே ஆடவரை இரண்டு மாத காலத்தில் 99 அமர்வுகளிற் படம்பிடித்தனர். கையசைத்தல், காட்சியைக் காணல், மனத்தால் ஒரு பணியைச் செய்தல் என மூவகை வேலைகள். ஒவ்வொன்றும் 33 தடவை. ஆள் ஒருவர், வேலையும் ஒன்று. ஆனால் படங்கள் அமர்வுக்கு அமர்வு வேறுபட்டன. ஓர் அமர்வை மாத்திரம் கண்டவர், அந்நாளுக்கே உரியதை அம்மனிதரின் இயல்பெனத் தவறாகக் கொள்ளக்கூடும் என்று அவர்கள் எச்சரித்தனர். 2005இல் ஒக்ஸ்போர்ட் ஆய்வாளர் அதே தரவுகளை மீண்டும் ஆராய்ந்து, வேறுபாடு அஞ்சிய அளவு பெரிதன்று என்றும், கணிக்கும் முறையைப் பொறுத்து அது கூடியும் குறைந்தும் தோன்றும் என்றும் காட்டினர். அளக்கப்படும் பொருளைப் போலவே அளக்கும் முறையும் சோதனைக்குரியது என்பது இதனாற் புலனாயிற்று.

அடுத்து, ரெக்சாஸ் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ரசல் பொல்ட்ராக் தம்மையே சோதனைப் பொருளாக்கிக்கொண்டார். ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு காலம், செவ்வாயும் வியாழனும் காலையிற் பொறியினுட் படுத்தார். செவ்வாயன்று உணவும் கோப்பியுமின்றிச் சென்றார். வியாழனன்று இரண்டும் கொண்டு சென்றார். 2015இல் முடிவுகள் வெளியாயின. மூளைப் பகுதிகளுக்கிடையிலான தொடர்புகள் அவ்விரு நாட்களிலும் வேறுபட்டிருந்தன. ஒரு கோப்பை கோப்பியே படத்தை மாற்றுமாயின், ஒரு நாட் படத்தை வைத்து ஒருவரின் மனத்தை எங்ஙனம் தீர்ப்பது?

2020இல் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர், மூளைக்கு வேலை கொடுத்துப் படம்பிடித்த 90 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கினர். மீள அளக்கும்போது ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாடு அப்படியே நிலைத்தால் 1, சிறிதும் நிலைக்காவிடில் 0 என்னும் அளவுகோலில், அவர்கள் கண்ட சராசரி ஏறத்தாழ 0.4 மாத்திரமே.

அப்படியாயின் முப்பதாண்டு முயற்சியும் வீணோ? அன்று. ஆசிரியர் ஒருவருக்கு இதன் விளக்கம் எளிது. வகுப்பிலுள்ள பிள்ளைகள் அனைவரும் சரியாக விடையெழுதும் வினா, பாடம் நன்கு கற்பிக்கப்பட்டது என்பதைக் காட்டும். எந்தப் பிள்ளை எவ்வளவு வல்லது என்பதைக் காட்டாது. அவ்வாறே, மனிதர் பலரின் படங்களைச் சேர்த்து, கையை அசைக்கும்போது எப்பகுதி தொழிற்படும் என்று கூறுவதில் இம்முறை வலிமையுடையது. இவர் இத்தகையவர் என்று தனியொருவரைத் தரம்பிரிப்பதிலேயே அது தடுமாறுகின்றது.

அதற்கும் வழியுண்டு, அது பொறுமையின் வழி. அமெரிக்காவின் சென் லூயிஸ் நகரில், பொறி ஓய்ந்திருக்கும் நள்ளிரவுகளிற் பத்துப் பேர் ஒவ்வொருவரும் பத்து நாட் படம்பிடிக்கப்பட்டனர். 2017இல் வெளியான அவ்வாய்வு, போதிய நேரம் அளந்தால் ஒவ்வொருவருக்கும் உரிய மூளை வரைபடம் நிலையாக வெளிப்படும் என்று காட்டிற்று.

இஃது ஆய்வுகூடத்தோடு முடியும் சங்கதியன்று. நமது அயல்நாடாகிய இந்தியாவிற் குற்றஞ்சாட்டப்பட்டோரின் மூளை மின்னலைகளைச் சோதித்து உண்மையை அறிய முயன்றனர். இது குருதியோட்டப் படத்தினின்றும் வேறான முறையாயினும், எழுந்த கேள்வி ஒன்றே. 2010 மே 5ஆந் திகதி, செல்வி என்பார் கர்நாடக அரசுக்கு எதிராகத் தொடுத்த வழக்கில், இத்தகைய சோதனைகளை ஒருவரின் சம்மதமின்றி நடத்தலாகாது என்று இந்திய உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மூளையின் குருதியோட்டப் படமும் அத்தீர்ப்பிற் குறிப்பிடப்பட்டது. பொறியின் முன்னே மனிதனின் உரிமையை நிறுத்திய தீர்ப்பு அது.

நேயர்களே, பாடசாலை அதிபர் என்ற முறையில் ஆண்டுதோறும் நான் காணும் காட்சி ஒன்றுண்டு. புலமைப்பரிசில் பரீட்சைப் பெறுபேறு வந்ததும், பத்து வயதுப் பிள்ளை ஒன்று தலைகுனிந்து நிற்கும். அன்றைய காலை அதற்குக் காய்ச்சலாக இருந்திருக்கலாம். முதல்நாள் இரவு வீட்டில் உறக்கம் இல்லாதிருந்திருக்கலாம். எழுதியது ஒரு நாள். சூட்டப்படும் பெயரோ பல்லாண்டுக்கு. கோடிக்கணக்கான பணம் பெறும் பொறியே ஒரு மனிதரை அறிய ஒரு நாட் போதாது என்று ஒப்புக்கொண்டபின், ஒரு வினாத்தாளைக் கொண்டு ஒரு பிள்ளையை அளந்து முடித்துவிட்டதாக நாம் எண்ணலாமா? மீண்டும் அளக்கச் சொல்லும் போடியாரின் நிதானம் பெற்றோராகிய நமக்கும், ஆசிரியராகிய எமக்கும் வேண்டும்.