துண்டு

மன்னர் பொறித்த செப்பேடுகளையும் கோயிற் சுவர்களிலுள்ள கல்வெட்டுக்களையும் கொண்டே நமது வரலாறு பெரும்பாலும் எழுதப்பட்டு வந்திருக்கிறது. எந்த அரசன் எந்தக் கோயிலுக்கு எவ்வளவு நிலத்தை இறையிலியாக வழங்கினான் என்பதை ஆராய நாம் காட்டும் சிரத்தையில் ஒரு பங்கையேனும், உழைத்தவனுக்கு மாத முடிவில் என்ன கொடுக்கப்பட்டது, கொடுக்குமுன் என்ன பிடிக்கப்பட்டது என்பதை அறிவதற்கு நாம் காட்டியதில்லை. சம்பளத்துண்டு என்று பேச்சுவழக்கில் நாம் சொல்லும் சாண் அளவுக் கடதாசியும் ஒரு சாசனமே. அதில் ஒரு பக்கம் உழைப்பின் விலையையும், மறுபக்கம் அவ்விலையில் யார் யார் கைவைக்கலாம் என்பதையும் சொல்கிறது.

அரசாங்க ஆசிரியரின் சம்பளத்துண்டில் விதவைகள் அநாதைகள் ஓய்வூதிய நிதிக்கென ஒரு கழிவு காணப்படும். 1898ஆம் ஆண்டின் முதலாம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் வழிவந்தது அது. விக்டோரியா மகாராணியின் ஆட்சியிலே பிறந்த அவ்வேற்பாடு இன்றும் மாதந்தோறும் நம் சம்பளத்தைத் தொட்டுச் செல்கிறது. உத்தியோகத்தன் இறந்தால் அவன் குடும்பம் தெருவில் நிற்கலாகாது என்ற நோக்கத்திற்காகப் பிடிக்கப்படுவதால் அதை யாரும் வெறுப்பதில்லை. ஆனால் அதே ஆட்சியில், அதே ஆண்டுகளில், இத்தீவின் ஏற்றுமதிச் செல்வத்தை விளைவித்த மலைநாட்டுத் தோட்டங்களிலே கூலியிற் பிடிக்கப்பட்டவை முற்றிலும் வேறு வகையின. அவற்றின் கதையைச் சொல்ல வேண்டுமாயின் 'துண்டு' என்ற சொல்லிலிருந்தே தொடங்க வேண்டும்.

துண்டு என்பது தமிழ்ச் சொல். வெள்ளைத் துரைமாரின் கடிதங்களிலும் ஆணைக்குழு அறிக்கைகளிலும் மொழிபெயர்ப்பின்றி ஆங்கில எழுத்திலேயே இடம்பெற்றுவிட்ட மிகச் சில தமிழ்ச் சொற்களில் அதுவும் ஒன்று. (நமது மொழியிலிருந்து ஆங்கிலேயர் கடன்கொண்ட 'கூலி'யும் இத்தகையதே என்பர், கடன்கொண்ட சொற்களைப் பார்த்தாலே கொண்டவரின் தேவை விளங்கும்.) அச்சொல் குறித்த கடதாசி எத்தகையது?

திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, தஞ்சாவூர், இராமநாதபுரம் முதலிய மாவட்டங்களின் கிராமங்களில் ஆள் சேர்ப்பதற்காகத் தோட்டத்துரை பெரிய கங்காணிக்கு முன்பணம் கொடுப்பான். ஊரிலே தீர்க்கவேண்டிய பழைய கடன், வழிச்செலவு, சாப்பாடு, துணி, கம்பளி ஆகிய யாவும் வந்து சேர்ந்தவனின் பெயரிலே பற்றாக எழுதப்படும். எழுதுபவன் கங்காணி, யார் பெயரில் எழுதப்பட்டதோ அவனுக்கு எழுத்துத் தெரியாது. ஆகவே தோட்டத்தில் ஒரு சதமேனும் உழைக்குமுன்னரே தொழிலாளி கடனாளியாகிவிடுகிறான். பின்னர் கங்காணிக்கும் துரைக்கும் மனவேறுபாடு நேர்ந்தாலோ, வேறு தோட்டத்தில் கூடுதலான முன்பணம் கிடைக்குமென்று கங்காணி கருதினாலோ, துரை ஒரு துண்டு எழுதிக் கொடுப்பான். இத்தனை பேர் கொண்ட இக்குழுவை, இன்ன தொகை செலுத்தப்பட்டால், விடுவிக்கச் சம்மதிக்கிறேன் என்பதே அதன் சாரம். கங்காணி அதை எடுத்துக்கொண்டு தோட்டந்தோட்டமாக ஏறி இறங்குவான். புதிய துரை பழைய கடனைத் தீர்த்து, மேலும் ஒரு தொகையைக் கங்காணிக்குக் கொடுப்பான். அம்மேலதிகத் தொகையும் தொழிலாளியின் தலையிலேயே ஏறும். ஒவ்வொரு இடமாற்றத்திலும் கடன் வளர்ந்தது. அதைக் குறைக்கும் வழியை மாத்திரம் எவரும் எழுதிவைக்கவில்லை.

தொழிலாளியைப் பற்றிய அந்தக் கடதாசி ஒருபோதும் தொழிலாளியின் கையில் இருந்ததில்லை என்பதை இங்கு குறித்துக்கொள்ள வேண்டும். அவன் அதற்குப் பொருளாக இருந்தானேயன்றி உரியவனாக இருக்கவில்லை.

கடனை உறுதியாக்கியது கூலியின் தாமதம். 1889ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், ஒரு மாதத்துக் கூலியை அம்மாதம் முடிந்து அறுபது நாட்களுக்குள் கொடுக்க வேண்டும் என்று விதித்தது. இது தொழிலாளியைக் காப்பதற்கென இயற்றப்பட்ட சட்டம்! அதாவது தை மாதம் உழைத்தவன் பங்குனி முடியும்வரை காத்திருப்பது சட்டப்படி சரியே. அதுவரையில் அவன் வயிறு காத்திருக்குமா? தோட்டமே அரிசி கொடுத்தது. கொடுத்த அரிசியின் விலையைக் கூலியிற் பிடித்துக்கொண்டது. மறுபுறம், ஒப்பந்தத்தை மீறி ஓடிப்போனவனைச் சிறையிலிடுவதற்கு 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் ஆயத்தமாக இருந்தது. கூலியைப் பண்டமாகக் கொடாது நாணயமாகவே கொடுக்கவேண்டும் என்று இங்கிலாந்துப் பாராளுமன்றம் தன் நாட்டின் பல தொழில்களுக்கு 1831இலேயே சட்டமியற்றிவிட்டதை நாம் நினைவுகூர வேண்டும். மான்செஸ்டர்த் தொழிலாளிக்குத் தீதெனத் தெளிந்தது தலவாக்கலைத் தொழிலாளிக்கு அரை நூற்றாண்டுக்குப் பின்னரும் நன்றாகவே தோன்றியிருக்கிறது.

இந்நிலையை எதிர்த்துப் படித்த வர்க்கத்திலிருந்து எழுந்த குரல்களில் சேர் பொன்னம்பலம் அருணாசலத்தினுடையது முதன்மையானது. 1919இல் அவர் அமைத்த இலங்கைத் தொழிலாளர் நலன்புரிச் சங்கம், தொழிற் குற்றத்துக்குச் சிறைத்தண்டனை என்ற கொடுமையை ஒழிக்கப் பாடுபட்டது. 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அத்தண்டனையையும் துண்டு முறையையும் ஒருசேர ஒழித்தது. தனிமனிதரின் கருணையால் மட்டும் இது நிகழ்ந்ததென்று கொள்வது பிழையாகும். இந்திய அரசாங்கம் குடிபெயர்வோர் பற்றிய தன் சட்டத்தை இறுக்கிக்கொண்டிருந்தது. ஆள் வரத்து நின்றுவிடுமோ என்ற அச்சம் தோட்ட முதலாளிகளைப் பிடித்திருந்தது. நெருக்கடி வந்தபோதுதான் நியாயம் அவர்கள் கண்ணிற் பட்டது.

அந்நெருக்கடியின் விளைவே 1927ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கக் குறைந்தபட்சக் கூலிச் சட்டமும். அதன்படி 1929இல் மலைநாட்டில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம் என நாட்கூலி வகுக்கப்பட்டது. பிள்ளைக்கு என்று ஒரு விலை சட்டத்திலேயே இருந்ததைப் படிக்கும்போது நமக்கு நெஞ்சு திடுக்கிடுகிறது. தோட்டம் கொடுக்கும் அரிசிக்குப் புசல் ஒன்றுக்கு 6 ரூபா 40 சதத்துக்கு மேல் பிடிக்கலாகாது என்றும் வரையறுக்கப்பட்டது. கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மாதத்தில் 25 நாள் வேலை கிடைத்த பெண்ணுக்குக் கூலி 10 ரூபா 75 சதம். ஒரு புசல் அரிசி வாங்கியிருந்தால் மிஞ்சுவது 4 ரூபா 35 சதம். உலக மந்தம் வந்ததும் அந்தக் குறைந்தபட்சமும் குறைக்கப்பட்டது.

எந்தப் பத்தியிலும் ஏறாத கழிவுகளும் உண்டு. மலையகத் தமிழில் ஒரு நாள் வேலையை ஒரு 'பேர்' என்பர். காலையில் பிரட்டுக்களத்தில் நின்று, மலையேறி, மாலைவரை கொழுந்து பறித்தவள், குறித்த நிறை குறைந்ததென்று கணக்கப்பிள்ளை கருதினால் 'அரைப்பேர்' பெறுவாள். செக்ரோலில் அரை நாள் என்று பதிவாகும். பிடிக்கப்பட்ட அரை நாளோ எங்கும் பதிவாகாது. தராசிலே கூடைக்கென்றும் ஈரத்துக்கென்றும் தள்ளப்படும் நிறையும் இவ்வாறே. எனவே சம்பளத்துண்டின் கழிவுப் பத்தியை மட்டும் கூட்டிப் பார்த்துவிட்டு உண்மையைக் கண்டுவிட்டோம் என்று நாம் எண்ணலாகாது. அதன் மேற்பாதியிலுள்ள 'வேலைநாட்கள்' என்ற எண்ணே ஏற்கனவே கழிக்கப்பட்ட எண்ணாக இருக்கக்கூடும்.

இக்கணக்குகளைத் தொழிலாளிக்கு விளக்கிச் சொல்ல வெளியார் தோட்டத்துள் நுழைவது அத்துமீறல் எனப்பட்டது. தஞ்சையிலே 'வர்த்தக மித்திரன்' என்ற வணிகப் பத்திரிகையை நடத்தியவரும், 1931இல் ஹற்றனில் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவியவருமான கோ. நடேசய்யர், புடவை வியாபாரி வேடத்தில் லயங்களுக்குள் புகுந்தார் என்று மலையகத்தில் இன்றும் சொல்வர். வர்த்தகருக்காக எழுதிய ஒருவர் கூலிக் கணக்கின் சூட்சுமங்களை எளிதில் கண்டுகொண்டதில் வியப்பில்லை.

1941ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம் ஒரு புதிய நெறியை வகுத்தது. கூலி சட்டப்படியான நாணயத்தில், தொழிலாளியிடம் நேரடியாகக் கொடுக்கப்பட வேண்டும். அனுமதிக்கப்பட்ட கழிவுகளையன்றி வேறெதையும் பிடிக்கலாகாது. அவற்றையும் தொழிலாளியின் சம்மதத்துடனேயே பிடிக்க வேண்டும். துண்டின் காலத்தோடு ஒப்பிட்டால் இது பெரும் மாற்றமே. எனினும் முதலாளியின் லயத்தில் குடியிருந்து, முதலாளியின் அரிசியை உண்பவன் தரும் சம்மதம் எவ்வளவு சுதந்திரமானது என்ற வினா எஞ்சியே நின்றது.

இதன்பின் வந்த பெரிய மாற்றத்துக்குக் கொழும்பு வீதிகளிலே விலை கொடுக்கப்பட்டது. 1947ஆம் ஆண்டுப் பொது வேலைநிறுத்தத்தில், ஜூன் 5ஆம் திகதி, ஊர்வலத்தின்மீது பொலிசார் சுட்டதில் கந்தசுவாமி என்னும் அரசாங்க எழுதுவினைஞர் உயிர் துறந்தார். சிங்களவரும் தமிழரும் தோளோடு தோள் நின்ற அப்போராட்டத்தில், எழுதுவினைஞர் சங்கத் தலைவராயிருந்த ரீ. பி. இலங்கரத்ன வேலையிழந்தார். வேலை நீக்கப்பட்ட அந்த எழுதுவினைஞரே பின்னர் தொழில் அமைச்சராக இருந்த காலத்தில்தான் 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் நிறைவேறியது. ('அம்ப யாளுவோ' என்ற சிறுவர் நாவலின் ஆசிரியரும் அவரே என்பதை இலக்கிய வாசகர் அறிவர்.) இன்று தொழிலாளியின் வருவாயில் 8 வீதமும் தொழில் கொள்வோனின் பங்காக 12 வீதமும் அந்நிதியிற் சேர்கின்றன. 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டப்படி ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்குச் செல்லும் 3 வீதம் முழுவதும் தொழில் கொள்வோன் கொடுக்கவேண்டியது. அது கூலியிற் பிடிக்கப்பட்டிருந்தால் அது சட்டவிரோதம். கூலியிலிருந்து எடுக்கப்பட்டது எடுத்தவனின் பெட்டிக்குப் போகாமல், உழைத்தவனின் முதுமைக்கு மீள்வது என்பது தோட்டங்களின் சரித்திரத்தில் அதுவரை இல்லாத ஒன்று.

ஆனால் வீதம் எதன்மீது கணக்கிடப்படுகிறது என்பதையும் பார்க்கவேண்டும். 2016ஆம் ஆண்டுக் கூட்டு ஒப்பந்தத்தில் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 730 ரூபா என்று பறைசாற்றப்பட்டது. அதனுள் அடிப்படைச் சம்பளம் 500 ரூபாவே. வரவுக்கு 60, உற்பத்திக்கு 140, விலைப் பங்காக 30 என்று மிகுதி பிரிக்கப்பட்டிருந்தது. தொழில் கொள்வோன் செலுத்தும் 12 வீதமும் 3 வீதமும் அடிப்படைச் சம்பளத்துக்கே கணிக்கப்பட்டன. அதாவது நாளொன்றுக்கு 75 ரூபா. முழுத்தொகைக்கும் கணித்திருந்தால் அது 109 ரூபா 50 சதமாக இருந்திருக்கும். நாளொன்றுக்கு 34 ரூபா 50 சதத்தை எவரும் பிடித்துக்கொள்ளவில்லை. சம்பளத்தை நான்கு வரிகளாக எழுதியதன் மூலம் அது பிறவாமலே செய்யப்பட்டது. 2021இல் சம்பளச் சபையின் வழியாக 1,000 ரூபா நிர்ணயிக்கப்பட்டபோது, பல தோட்டங்களில் பறிக்கவேண்டிய கொழுந்தின் நிறை உயர்ந்தது. பழைய அரைப்பேர் புதிய கிலோக் கணக்கில் திரும்பி வந்தது.

சேர்ந்த பணத்தின் கதையும் உண்டு. 2023 ஜூலை 1ஆம் திகதி பாராளுமன்றம் அங்கீகரித்த உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பில், ஊழியர் சேமலாப நிதி தன்னிடமிருந்த திறைசேரி முறிகளைக் கைமாற்றிக்கொள்ள நேர்ந்தது. புதிய முறிகளுக்கு 2025 வரை 12 வீத வட்டியும் அதன்பின் 9 வீதமும் விதிக்கப்பட்டன. உடன்படாவிட்டால் 14 வீத வரி 30 வீதமாகும் என்ற நிபந்தனை முன்வைக்கப்பட்டது. வங்கிகளின் முறிகள் தொடப்படவில்லை. 1941ஆம் ஆண்டுச் சட்டம் சம்மதம் என்று சொன்னது இப்பொருளில் அன்று என்றே நாம் கருதுகிறோம்.

இனி, கையிற் கிடைக்கும் கட்டத்துக்கு வருவோம். பல தோட்டங்களில் சம்பளத்துண்டு இன்று கணினியில் அச்சாகி, ஆங்கிலச் சுருக்கெழுத்துக்களோடு வருகிறது. அதை வாசித்துச் சொல்லும் பணி பாடசாலை செல்லும் பிள்ளைக்கு வாய்க்கிறது. ஓய்வுபெறும்போதோ வேறொரு தடை எழுகிறது. செக்ரோலில் அன்றைய கிளாக்கர் காதில் விழுந்தபடி 'லெச்சுமி' என்று எழுதியிருப்பார்; பிறப்புச் சான்றிதழில் 'லட்சுமி'; குடியுரிமை மறுக்கப்பட்டிருந்த காலம் கழிந்து பிந்திக் கிடைத்த அடையாள அட்டையில் 'இலட்சுமி'. எழுத்துக்கள் பொருந்தாவிட்டால் நிதி கைக்கு வராது. முப்பது நாற்பது வருடம் மாதந்தவறாமல் 8 வீதம் செலுத்திய ஒருத்தி, அம்மூவரும் தானே என்று சத்தியக் கடதாசி முடித்துக்கொண்டு, பஸ் ஏறி நகரத்துக்குப் போய்த் தொழில் அலுவலகத்தின் வரிசையில் நிற்கிறாள்.