கல்லாவுக்கு அந்தப் பக்கம்: ஒரு வெண்ணெய்க் கடையின் வரலாறு

எழுபதுகளில், முகையூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில், எங்க ஆயா மளிகை வாங்கின விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கடைக்கு வாசல் இருந்தது. நாங்க நிற்கிற இடம் வாசலுக்கு ஓரமா, வேப்பமரத்தடி. ஊர்க்காரங்க எல்லாரும் வாங்கிட்டுப் போன பிறகுதான் கடைக்காரர் எங்க பக்கம் திரும்புவார். காசைப் பலகை மேல வெச்சுட்டு விலகிக்கணும். அவர் ரெண்டு சொட்டுத் தண்ணி தெளிச்சு அதை எடுத்துக்குவார். உப்பும் மிளகாயும் மேலேயிருந்து ஆயாவின் முந்தானையில் விழும். தராசு முள் எங்கே நிற்கிறது என்பது மரத்தடியிலிருந்து தெரியாது. தெரிந்தாலும் கேட்டுவிட முடியாது என்பது வேறு விஷயம்.

வணிக வரலாறு எழுதுகிறவர்கள் முதலைக் கணக்கிடுகிறார்கள், லாபத்தைக் கணக்கிடுகிறார்கள், கிளைகளை எண்ணுகிறார்கள். பண்டத்துக்கும் வாங்குகிறவரின் கைக்கும் நடுவே இருந்த தூரத்தை யாரும் அளந்ததாகத் தெரியவில்லை. மரத்தடியிலிருந்து கல்லா வரைக்குமான அந்தத் தூரத்தை அளவுகோலாக வைத்துக்கொண்டு, தென்னிந்தியாவில் குடும்பமொன்று கட்டி வளர்த்த சூப்பர் மார்க்கெட் தொடர்களில் மூத்ததான நீலகிரிஸின் கதையைப் படித்துப் பார்க்கலாம் என்று தோன்றியது.

கதை இப்படித்தான் சொல்லப்படுகிறது. முத்துசாமி முதலியார் என்பவர் கோயம்புத்தூரிலிருந்து குன்னூர், ஊட்டி எனக் குடியிருந்த வெள்ளைக்காரர்களுக்குக் கடிதங்களையும் காசோலைகளையும் சுமந்து போகும் ஓட்டக்காரராக இருந்தார். 1905இல் ஓர் ஆங்கிலேயரின் வெண்ணெய் வியாபாரத்தை வாங்கினார். குன்னூர்ப் பக்கம் ஒரு சிறு கடை. 1936இல் பெங்களூர் பிரிகேட் சாலைக்கு வந்தார்கள். பின்பு ஈரோட்டில் பால்பண்ணை. மகன் சென்னியப்பன் காலத்தில், 1971இல், பெங்களூர்க் கடை தானே எடுத்துக்கொள்ளும் சூப்பர் மார்க்கெட்டாக ஆனது. ஓட்டக்காரன் முதலாளியான கதை. உழைப்பால் உயர்ந்த உத்தமர் வகை.

அந்த உழைப்பு பொய்யில்லை. மலை ஏறி இறங்கினவருக்குத்தான் கால்வலி தெரியும். ஆனால் கதைக்குள்ளே கதை சொல்லாத சில கேள்விகள் கிடக்கின்றன.

முதலில், அந்த வெண்ணெயைத் தின்றது யார்? நம்ம ஜனங்களுக்கு வெண்ணெய் என்றால் உருக்கி நெய் ஆக்குவதற்கான பண்டம். ரொட்டியில் தடவித் தின்கிற வெண்ணெய் வேறு. சென்னை மாகாண அரசாங்கம் கோடையில் மூட்டை முடிச்சோடு ஊட்டிக்கு ஏறிய காலம் அது. வெலிங்டனில் பட்டாளம். சுற்றிலும் தேயிலைத் துரைமார். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899இலும், ஊட்டி வரை 1908இலும் ரயில் வந்துவிட்டது. இந்தக் காலைச் சாப்பாட்டு மேசைதான் அந்தக் கடையின் சந்தை. பிரிகேட் சாலையும் அப்படியே. பெங்களூர் தண்டுப் பகுதியின் கடைத்தெரு அது. துரை போன பிறகு அதே மேசையில் நம்ம ஊர் அதிகாரியும் டாக்டரும் வந்து உட்கார்ந்தார்கள். வாடிக்கையாளரின் நிறம்தான் மாறியது. அதே மலையில் கொழுந்து கிள்ளிய ஜனங்கள், சமவெளியின் சேரிகளிலிருந்து பஞ்சத்துக்குப் பயந்து ஏறியவர்கள், இந்தக் கதையில் எந்தப் பத்தியிலும் இல்லை.

இரண்டாவது கேள்வி இன்னும் கசப்பானது. 1905இல் ஒரு பறையர் ஓட்டக்காரர் அந்த வெண்ணெய்க் கடையை வாங்கியிருக்க முடியுமா? துரை விற்றிருக்கலாம், அவனுக்குப் பணம் போதும். துரைமாரும் வாங்கித் தின்றிருப்பார்கள். அவர்கள் வீட்டுச் சமையற்கட்டில் நம்ம ஜனங்க இருந்தார்கள்தானே. ஆனால் துரை போன பிறகு? வெண்ணெயும் பாலும் தீட்டு பார்க்கிற பண்டங்கள். சேரியில் கறந்த பாலை ஊர்ச் சொசைட்டியில் ஊற்ற விடாத கதைகள் நம் மாவட்டத்தில் எத்தனை கேட்டிருக்கிறோம். முதல் இருந்தால் கடை வைக்கலாம் என்பது பொருளாதாரப் பாடம். வாங்குகிறவனுக்கு விற்பவன் கை சம்மதமாக இருக்கணும் என்பது சாதியின் பாடம். ரெண்டாவது பாடத்தை எந்தக் கல்லூரியிலும் நடத்துவதில்லை.

இங்கே நாடார்களின் வரலாற்றை ஒதுக்கிவிட்டுப் போக முடியாது. 1897இல் கமுதிக் கோயிலுக்குள் நுழைந்ததற்காக வழக்கு, 1899இல் சிவகாசியில் கலவரம், கொள்ளை. ஒடுக்கப்பட்ட ஒரு சாதி கடையைக் கோட்டையாக்கிக்கொண்டது. வியாபாரத்தில் ஆளுக்கு இவ்வளவு என்று மகமை பிரித்து, உறவின்முறை வைத்து, பள்ளிக்கூடம் கட்டி, 1921இல் தூத்துக்குடியில் சொந்தமாக வங்கியே தொடங்கினார்கள். அண்ணாச்சி கடை இல்லாத தெரு தமிழ்நாட்டில் ஏது? கடை ஒரு விடுதலைக் கருவியாக முடியும் என்பதற்கு அது சாட்சி. அந்தக் கருவி தலித் கைக்கு வராமல் போனதற்கு முதல் இல்லாதது மட்டும் காரணமில்லை. கடைத்தெருவே அடுத்தவர் இடமாக இருந்தது. 1978 ஜூலையில் விழுப்புரத்தில் 12 தலித்துகள் கொல்லப்பட்டார்களே, அந்தத் தகராறு மூண்டது கடைத்தெருவில்தான்.

இனி சூப்பர் மார்க்கெட்டுக்கு வருவோம். 1916இல் அமெரிக்காவில் மெம்ஃபிஸ் நகரத்தில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் என்பவர் பிக்லி விக்லி என்று ஒரு கடை திறந்தார். அதுவரை அங்கேயும் நம்ம ஊர் மாதிரிதான். கேட்டால் கடைப்பையன் எடுத்துத் தருவான். இவர் பண்டங்களை எல்லாம் தட்டில் அடுக்கி, விலையை எழுதி வைத்து, கூடையைக் கையில் கொடுத்து, போகிற வழியையும் ஒருவழிப் பாதையாகக் கட்டிவிட்டார். கடைசியில் கல்லா. இதற்குக் காப்புரிமை கூட வாங்கினார். கடைப்பையன் செய்த வேலையை வாங்க வந்தவரே கூலியில்லாமல் செய்கிறார். அதற்கு சுதந்திரம் என்று பெயர்.

இப்படிச் சொல்லி முடித்துவிடுவது நம்ம இடதுசாரித் தோழர்களுக்குச் சுலபம். எனக்கு அவ்வளவு சுலபமில்லை. எண்பதுகளில் சென்னையில் ஒரு பெரிய கடைக்குள் முதல்முறை நுழைந்தபோது ஒரு சோப்பை எடுத்தேன், முகர்ந்தேன், திரும்ப வைத்தேன். யாரும் தண்ணி தெளிக்கவில்லை. இன்னொன்றை எடுத்தேன். வாங்குகிற உத்தேசமே இல்லாமல் அரைமணி நேரம் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனேன். ஆயா இருந்திருந்தால் இதை என்ன சொல்லியிருப்பாள்? வேலைப்பளுவை வாடிக்கையாளர் தலையில் கட்டிய அதே ஏற்பாடு, மரத்தடியில் நின்ற கைக்குப் பண்டத்தைத் தொடும் உரிமையையும் கொடுத்தது. முதலாளியம் இதை எங்களுக்காகச் செய்யவில்லை. அதற்காகக் கிடைத்ததை இல்லையென்று சொல்ல முடியுமா? கையில் காசிருந்தால்தான் அந்தக் கதவு திறக்கும் என்பதையும் சேர்த்தே சொல்லணும். அண்ணாச்சி கடன் நோட்டு அங்கே செல்லாது. மாசக் கடைசியில் சூப்பர் மார்க்கெட் நமக்குக் கிடையாது.

நீலகிரிஸ் பற்றி எழுதுகிறவர்கள் அதை இந்தியாவின் முதல் சூப்பர் மார்க்கெட் என்பதுண்டு. டெல்லியில் கூட்டுறவு சூப்பர் பஜார் 1966இலேயே திறந்தாகிவிட்டது. அதற்கும் முன்னால், நியாய விலைக்கு மளிகை விற்பதற்காகவே திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் 1904இல் தொடங்கப்பட்டது. வெண்ணெய்க் கடைக்கு ஒரு வருஷம் மூத்தது. குடும்பத்துக்குப் பேரன் இருக்கிறான், கதை சொல்ல ஆளிருக்கிறது. உறுப்பினர்களுக்குச் சொந்தமான கடைக்கு அந்த வசதி இல்லை. முதல் என்கிற பட்டம் இப்படித்தான் கைமாறுகிறது.

குடும்பமும் கடையைக் கடைசிவரை வைத்துக்கொள்ளவில்லை. 2006-07இல் ஆக்டிஸ் என்ற பிரிட்டிஷ் முதலீட்டு நிறுவனம் பெரும்பான்மைப் பங்கை வாங்கியது. இந்த ஆக்டிஸின் பூர்வீகத்தைக் கொஞ்சம் கிளறிப் பார்க்கணும். 2004இல் சி.டி.சி. என்கிற பிரிட்டிஷ் அரசு நிறுவனத்திலிருந்து பிரிந்து வந்தது அது. 1948இல் தொடங்கப்பட்டபோது அந்த சி.டி.சி.க்குப் பெயர் காலனி வளர்ச்சிக் கழகம். ஆங்கிலேயரிடம் வாங்கிய வெண்ணெய்க் கடை நூறு வருஷம் கழித்து அந்த வழிக்கே போய்ச் சேர்ந்ததை நான் கற்பனை செய்து சொன்னால் நம்பமாட்டீர்கள். 2014இல் கிஷோர் பியானியின் ஃபியூச்சர் குழுமம் ஏறக்குறைய 300 கோடி ரூபாய்க்கு அதை வாங்கியது. அப்போது 140 கடைகளுக்கு மேல் இருந்தன. கொரோனாவுக்குப் பின் அந்தக் குழுமமே கடனில் மூழ்கி, அதன் பெரிய கடை நிறுவனமான ஃபியூச்சர் ரீடெய்ல் 2022இல் திவால் நடவடிக்கைக்குப் போனது. பங்குப் பத்திரங்கள் ஏறி இறங்கின. தட்டில் ரொட்டி அடுக்கினவர்கள் பெயர் எந்தச் செய்தியிலும் வரவில்லை.

அவர்களைப் பற்றிப் பேசாமல் இந்த வரலாறு பாதிதான். தானே எடுத்துக்கொள்ளும் கடையில் கடைப்பையன் மறைந்துவிடவில்லை. தட்டு அடுக்குகிறவர், தரை துடைக்கிறவர், பில் போடுகிறவர் என்று பிரிந்துவிட்டார். பெரும்பாலும் பெண்கள். நம் மாவட்டத்துப் பிள்ளைகள். பத்து மணி நேரம் நின்றபடி. கோழிக்கோட்டுத் துணிக்கடைப் பெண்கள் உட்காரும் உரிமை கேட்டுச் சங்கம் கட்டிப் போராடினார்கள். கேரளம் 2018இல் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாட்டில் 1947ஆம் வருஷத்துக் கடைகள் சட்டத்தில் இருக்கை வேண்டும் என்று ஒரு வரி சேர 2021 ஆனது. சட்டம் வந்து எழுபத்து நாலு வருஷம் கழித்து நாற்காலி.

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் இப்போது ஏசி போட்ட சூப்பர் மார்க்கெட்டுகள் இருக்கின்றன. அதில் ஒன்றில் அக்கா மகள் பில் போடுகிறாள். கல்லாவுக்கு அந்தப் பக்கம் போன எங்க வீட்டு முதல் ஆள் அவள்தான். போன மாசம் பார்க்கப் போனேன். கணினியில் தட்டிக்கொண்டே நின்றாள். உட்கார நாற்காலி குடுத்துட்டாங்களா என்று கேட்டேன்.

"குடுத்தாங்க மாமா. மேல குடோன்ல இருக்கு. ஆபீசருங்க வர்ற அன்னிக்கு எறக்குவாங்க."

எனக்குப் பின்னால் வரிசை நின்றது. காசைக் கையில் வாங்கிக்கொண்டு மீதியை என் கையிலேயே வைத்தாள்.