37 ஆண்டுகளுக்குப் பின் மீண்டு வந்த 'டிஸ்கோ ஜாஸ்'

கொல்கத்தா: வெளியான காலத்தில் கவனிக்கப்படாமல் போன வங்காளப் பாடகி ரூபா பிஸ்வாஸின் 'டிஸ்கோ ஜாஸ்' இசைத் தொகுப்பு, 37 ஆண்டுகளுக்குப் பின் உலக அளவில் ரசிகர்களைப் பெற்றது.

கனடா சென்றிருந்த ரூபாவின் குரலில், சரோத் கலைஞர் ஆஷிஷ் கான் தலைமையில் இத்தொகுப்பு கால்கரி நகரில் பதிவு செய்யப்பட்டது. அவரது சகோதரர் பிரணேஷ் கான் தபலா வாசித்தார். சரோத், தபலாவுடன் கிட்டாரும் சின்தசைசரும் இணைந்த 4 பாடல்கள் இதில் இடம்பெற்றன.

1981-இல் நாசியா ஹசனின் 'டிஸ்கோ தீவானே' பெரும் வரவேற்பைப் பெற்றிருந்தது. மறு ஆண்டு பப்பி லஹிரி இசையமைத்த 'டிஸ்கோ டான்சர்' திரைப்படம் வெளியானது. அதே 1982-இல் வந்த ரூபாவின் இசைத்தட்டோ விற்பனையில் தோல்வியடைந்தது. அவரும் இசையுலகின் பார்வையிலிருந்து விலகினார்.

பல ஆண்டுகளுக்குப் பின், 'இன்று சனிக்கிழமை' எனப் பொருள்படும் 'ஆஜ் ஷனிபார்' பாடல் யூடியூபில் பரவியது. பழைய இசைத்தட்டுகளைச் சேகரிப்போர் அதன் பிரதிகளைத் தேடி அதிக விலைக்கு வாங்கினர். இவை எதையும் ரூபா நீண்ட காலம் அறிந்திருக்கவில்லை. அவருடைய மகன் இணையத்தில் தேடியபோதே குடும்பத்தினருக்குத் தெரியவந்தது.

2019-இல் அமெரிக்காவின் நியூமரோ குரூப் நிறுவனம் இத்தொகுப்பை மறுவெளியீடு செய்தது. இளமையில் பாடியவருக்கு முதுமையில் புகழ் வந்து சேர்ந்தது.